திரை போட்ட பஸ்

– பொய் சொல்லாதீங்க. கம்பெனி பின்கேட்டு வழியா உள்ள போய் வேலை செஞ்சிட்டுத்தானே வர்றீங்க?

– யாரு, நானா? இன்னா சாராளு, தலையில எதுனா அடிபட்டுச்சா? காலைலேருந்து சங்கப் பந்தல்ல ஒக்காந்து தொண்டை கிழிய கத்திட்டு வந்துகீறேன். குடிக்கத் தண்ணி குடுப்பேன்னு பாத்தா கேசு போடறியே.

– அப்போ இந்த பக்கெட்டுல எப்படி இந்த வாடை வந்துச்சு?

– இன்னா வாடை?

– குனிஞ்சு மோந்து பாருங்க. கல்யாணம் ஆன மறுவாரத்துலேருந்து உங்க சட்டையில தோய்ச்சுத் தள்ளற வாடை. அந்த மிஷின்ல சூடு தணிய ஊத்துவாங்கன்னு சொல்வீங்களே, பாலு மாதிரி ஒரு தண்ணி.

– கூலண்ட்டு.

– ஆங், அதேதான். ஸ்ட்ரைக்கு ஆரமிச்சப்புறம் இந்த வூட்ல அந்த நாத்தம் இல்ல. ஸ்தோத்திரம்னு நிம்மதியா துவைச்சிட்டு இருந்தேன். போன வாரம் வந்துது, சரி மூக்குக்கு சளின்னு விட்டுட்டேன். இன்னிக்கும் வருது. சொல்லுங்க அசரியா ஐயரே, யாரு சட்டை அது?

– ஐயரேன்னு கூப்புடாத, நான் இன்னா சர்ச்சு பாதிரியா? கடுப்பாவுது. பைபிள எடுத்தா, கை வெச்சு சொல்றேன். ஸ்ட்ரைக்கு வெச்ச நாள்லேருந்து கம்பெனி வாசப்படிய நான் மிதிக்கல.

– பைபிள் மேல கை வெக்க வேணாம், பக்கெட்டுல கை வெய்யுங்க. மோந்து பாருங்கன்றேன்.

– குடு இங்க… அட, ஆமா.

– ஆமாதானே? என் மூக்கு பொய் சொல்லுமா?

– எந்த லேத்து பட்டறைக்குப் போனாலும் கூலண்ட்டு நாறத்தாண்டி செய்யும். ஆனா இது… ரோஜாப்பூ வாடையும் சேந்து வருது.

– அதைத்தான் சொல்றேன்! உங்க கம்பெனியிலதானே அது புளிச்சு நாறுதுன்னு ரோஜா பினாயிலு கலக்கறாங்க? நீங்கதானே சொல்லி சிரிச்சீங்க?

– ஸ்டோர்கீப்பரு கண்டுபிடிப்பு அது. வேற எவனும் செய்யமாட்டான். இரு, இது என் சட்டை இல்லியே. இது துப்பட்டா.

– துப்பட்டாவா? எடுங்க மேல. …ஆண்டவரே. ஜோவிதாவோடது.

– ஜோவி! ஏ ஜோவிதா! இங்க வா.

– என்னப்பா? தலை துவட்டிட்டு இருக்கேன்.

– அப்பறம் துவட்டலாம். நீ கிண்டியிலதான ட்ரெயினிங் போறே?

– ஆமா… ஏன்?

– கிண்டியில எந்த கம்பெனி?

– அதான் சொன்னேனே, எஸ்டேட் உள்ள, ஒரு பம்பு கம்பெனி.

– பம்பு கம்பெனிக்காரன் கூலண்ட்டுல ரோஜா பினாயில் ஊத்தறானா?

– பேசு கண்ணு. வாயில இன்னா கொழுக்கட்டையா?

– அம்மா, நீ உள்ள போம்மா.

– நான் ஏன் போணும்? என் பக்கெட்டு, என் புருஷன், என் பொண்ணு. நான் இங்கதான் நிப்பேன்.

– அப்பா, கோவப்படாதீங்க. நானா கேட்டு வாங்கல. காலேஜ்ல போட்டாங்க.

– எங்க போட்டாங்க?

– உங்க கம்பெனியில.

– ஏங்க, அப்படி சாயாதீங்க, கட்டில்ல ஒக்காருங்க. ஜோவி, ஃபேனைப் போடு.

– எத்தினி நாளா?

– போன திங்கக்கிழமையிலேருந்து.

– திங்கக்கெழமை… அன்னிக்குத்தான் பஸ்ஸு ரெண்டும் மொதமொதல்ல உள்ள போச்சு. ஜன்னலுக்கெல்லாம் நீலத் திரை. ‘கருங்காலி பஸ்ஸு, கருங்காலி பஸ்ஸு’ன்னு கத்துனேன். கையால பஸ்ஸு பாடியில ஓங்கி அடிச்சேன். உள்ளங்கை செவந்துபோச்சு.

– தெரியும்பா. நீங்க அடிச்சது என் சீட்டு பக்கத்துல. குரலைக் கேட்டதும் குனிஞ்சு உக்காந்துட்டேன்.

– என் குரலுன்னு தெரிஞ்சுமா மறுநாளும் போனே?

– போகாம என்ன பண்றது? சிலபஸ்ல இருக்குப்பா. ஆறாவது செமஸ்டர் லீவுல நாலு வாரம் ஒரு ஃபேக்டரியில இன்பிளான்ட் ட்ரெயினிங் முடிச்சாத்தான் ஏழாவது செமஸ்டர்ல வைவா. வைவா இல்லைனா அரியர். அரியர் வெச்சிருந்தா கேம்பஸ் இன்டர்வியூல உக்காரவே விடமாட்டாங்க.

– வேற கம்பெனியே இல்லியா இந்த ஊர்ல? கிண்டி கீது, அம்பத்தூரு கீது, மறைமலைநகரு கீது.

– எல்லா இடத்துலயும் கேட்டேன். ‘மெக்கானிக்கல்ல பொண்ணாம்மா? ஆபீஸ்ல வேணா உக்காரு, ஷாப் ஃப்ளோர்ல லேடீஸுக்கு பாத்ரூம் இல்ல’ன்னு சிரிச்சு அனுப்பிட்டாங்க. காலேஜ் ட்ரெயினிங் பாக்கறது ஸ்ரீநிவாசராகவன் சார். அவர்தான் எங்க எல்லாரையும் கூப்பிட்டு, ‘ஒரு பெரிய கம்பெனி மொத்தமா எடுக்கறாங்க, பஸ், சாப்பாடு எல்லாம் ஃப்ரீ, அதிர்ஷ்டம் பண்ணியிருக்கீங்க’ன்னாரு. கம்பெனி பேரை அப்புறம்தான் சொன்னாரு.

– சொல்லிக்க வேண்டியதுதானே, எங்கப்பா அங்க ஸ்ட்ரைக்குன்னு?

– சொன்னேன்மா. ‘அது உங்க வீட்டு விஷயம்மா, யூனிவர்சிட்டிக்கு அது தெரியாது’ன்னாரு.

– சரியான ஆளுதான் போல.

– உள்ள இன்னா செய்யச் சொல்றான்? சுத்திப் பாக்கவா?

– முதல் நாள் சுத்திக் காமிச்சாங்க. ரெண்டாவது நாள் ஆளுக்கொரு மிஷின்ல நிக்க வெச்சுட்டாங்க. ‘ஹேண்ட்ஸ் ஆன் எக்ஸ்பீரியன்ஸ்’னு டைரியில எழுதிக்கச் சொன்னாங்க.

– உன்னை எதுல?

– விடுங்கப்பா.

– எதுலன்னு கேக்கறேன்.

– நாலாவது லைன். ட்ரில்லிங்.

– நாலாவது லைன்ல ட்ரில்லிங்கு மூணு மிஷினு கீது.

– பேனல் கதவுக்கு உள்பக்கம் நம்ம சர்ச்சுல நியூ இயருக்குக் குடுத்த வாக்குத்தத்த வசன அட்டை ஒட்டியிருக்கும் பாருங்க. அந்த மிஷின்.

– என் மிஷினா!

– கதவைத் திறந்தேன், அட்டையைப் பார்த்தேன். அழுதுட்டேன்பா. பக்கத்துல தௌசிப்னு ஒரு பையன், ‘இன்னா ஜோவிதா, மிஷின் பார்த்து பயந்துட்டியா’ன்னு கிண்டல் பண்ணினான். ஆமான்னு சொல்லிட்டேன்.

– எட்டுதா உனக்கு? கைப்புடி உயரமா இருக்குமே.

– நீங்க போட்டு வெச்ச பலகை மேல ஏறி நிக்கறேன். சைக்கிள் டியூப் அடிச்ச பலகை. கால் வலிக்கறதில்ல.

– அது நான் மூட்டு வலிக்கு செஞ்சது… அந்த ரெண்டாவது ஸ்பிண்டிலு சத்தம் போடுதா?

– கிர்ருனு ஒரு சத்தம் வருது.

– வரும். பேரிங்கு போவுது. ரொம்ப அழுத்தாத. இரும்புச் சுருளை கையால தள்ளாத, சொல்லிட்டேன். பிரஷ்ஷு பக்கத்துல டப்பாவுல…

– நல்லா கீது ஞாயம்! இவரு வெளிய ஸ்ட்ரைக்கு, உள்ள போற பொண்ணுக்கு வூட்ல ட்யூஷனு!

– கம்முனு இரு சாராளு. வெரலு போச்சுன்னா எவன் குடுப்பான்?

– தௌசிப்புக்கு நேத்து நகம் பேத்துக்கிச்சுப்பா. ஃபர்ஸ்ட் எய்ட் போட்டு, திரும்ப மிஷின்கிட்டயே அனுப்பிட்டாங்க.

– அடப்பாவிங்களா. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்கள வெச்சு புரடக்‌ஷன் எடுக்கறானுங்க. நாங்க ‘ஆளு இல்லாம எத்தினி நாளு ஓட்டுவான், கூப்புட்டுப் பேசாம எங்க போவான்’னு பந்தல்ல ஒக்காந்து கணக்கு போட்டுகினு கீறோம். அவன் எங்க புள்ளைங்கள வெச்சே எங்கள அடிக்கறான்.

– அப்பா, நான் மெதுவாத்தான் ஓட்டறேன். நிஜமா. வேணும்னே மெதுவா ஓட்டறேன். சூப்பர்வைசர் திட்டறாரு.

– அதுக்குன்னு சந்தோசப்படறதா கண்ணு நானு?

– ரெண்டு பேரும் அழுது முடிச்சீங்கன்னா நான் ஒண்ணு கேக்கறேன். இது சங்கத்துக்குத் தெரிஞ்சா என்ன ஆவும்?

– போன வாரம் கூட்டத்துல செயலாளரு சவுரிமுத்து மைக்குல பேசுனான். ‘தோழர்களே, நம்ம தொழிலாளி வூட்டுப் புள்ள எவனாவது அந்த பஸ்ஸுல ஏறுனா, அந்த வூட்டு நல்லது கெட்டதுக்கு நம்ம கால் படாது’ன்னு. எல்லாரும் கை தட்டுனாங்க.

– நீங்க?

– நானும்தான் தட்டுனேன். எனக்கு இன்னா தெரியும்?

– ஆண்டவரே, இந்தத் தெருவுல பாதி வூடு உங்க கம்பெனிதான். நாளைக்கு குழாயடியில நான் குடம் வெக்க முடியுமா?

– அதை வுடு. ஜோவி, இங்க பாரு. நாளைக்கு நீ போவாத.

– நாளைக்கு மட்டுமா?

– நாளைக்கு மட்டும் வூட்ல இரு. ஜொரம்னு சொல்லிடு.

– முடியாதுப்பா. ஒரு நாள் ஆப்சென்ட் ஆனாலும் டைரியில சைன் விழாது. தொடர்ச்சியா இருக்கணும், நடுவுல விட்டா செல்லாது. அடுத்த வருஷம் ஜூனியர்ஸோட முதல்லேருந்து பண்ணணும்னு எழுதியே வாங்கிட்டாங்க.

– டாக்டர் சீட்டு வாங்கித் தர்றேன்.

– ஒத்துக்க மாட்டாங்க. கூடப் படிக்கற ஷாயிஸ்தாவோட பாட்டி மவுத்தாகி, சாவு வீட்டுக்கு ஒரு நாள் போனா. அவளுக்கே கட் பண்ணிட்டாங்க. அழுதுட்டு இருக்கா.

– ஒரு நாளுதானேடி. அப்பா சொல்றாருல்ல.

– ஏன் நாளைக்கு? இவ்ளோ நேரம் ‘ஏன் போனே’ன்னீங்க. இப்ப ‘நாளைக்கு மட்டும் போவாத’ன்றீங்க. நாளைக்கு என்னப்பா?

– ஒண்ணியும் இல்ல.

– என் முகத்தைப் பார்த்து சொல்லுங்க.

– சொன்னா கேளேன், பேஜார் பண்ணாத.

– ஏங்க, பஸ்ஸை எதுனா பண்ணப்போறீங்களா? கல்லு வுடப்போறீங்களா?

– சேச்சே! கல்லெல்லாம் எங்க சங்கத்துல கெடையாது. கல்லைத் தொட்டா கையை ஒடிப்பேன்னு சவுரிமுத்து சொல்லிகீறான்.

– அப்பறம்?

– படுக்கப் போறோம்.

– படுக்கவா?

– முடிச்சூர் ரோட்லேருந்து கம்பெனிக்குத் திரும்புனா ஒரு மதகு வருதில்ல, அதை ஒட்டி. பஸ்ஸு திரும்புற எடத்துல ரோட்டுக்கு குறுக்க வரிசையா, கை கோத்துகினு படுக்கறோம். பஸ்ஸு நிக்கும். புள்ளைங்கள எறங்கச் சொல்லி, தண்ணி பாக்கெட்டு குடுத்து, ‘போங்கப்பா வூட்டுக்கு’ன்னு திருப்பி அனுப்புவோம். ஒரு நாளு புரடக்‌ஷன் நின்னா அவன் பேச்சுவார்த்தைக்கு வந்தாவணும். அவ்ளோதான். அந்த எடத்துல நீ பஸ்லேருந்து எறங்கி நின்னா நான் எங்க மூஞ்சை வெச்சுக்கறது? அதுக்குத்தான் போவாதன்னேன்.

– அப்பா… பஸ் நிக்காது.

– நிக்காம? ஆளு மேல ஏத்துவானா?

– நிக்காதுப்பா. இன்னிக்கு சாயங்காலம் என் டிபன் பாக்ஸை உள்ளயே விட்டுட்டேன். எடுத்துட்டு லேட்டா ஓடி வந்தேன். பஸ்ஸுக்குப் பின்னாடி அந்த செக்யூரிட்டி ஆபீசர், மீசை வெச்சவரு…

– மிலிட்டரிக்காரன். தெரியும்.

– ரெண்டு டிரைவரையும் நிக்க வெச்சு பேசிட்டு இருந்தாரு. எங்க பஸ் டிரைவரையும், பாலிடெக்னிக் பசங்க பஸ் டிரைவரையும். ரெண்டு பேருமே இன்னிக்கு வந்த புது ஆளுங்க. ‘நாளைக்கு மதகுகிட்ட எது குறுக்க வந்தாலும் பிரேக்ல கால் வெக்காதே. பயந்து ஓடிடுவானுங்க. ஓடலைன்னாலும் நீ நிறுத்தாதே, கேஸ் வந்தா கம்பெனி பாத்துக்கும்’னாரு. நான் ஏதோ கல்லெறிவாங்கன்னு பயப்படறாங்கன்னு நினைச்சேன்.

– நீயே கேட்டியா? உன் காதால?

– டயர் பக்கத்துல நின்னு கேட்டேன். என்னை அவங்க பாக்கல.

– அப்போ நாளைய விஷயம் அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. எவனோ சொல்லிட்டான்.

– ஏங்க, படுக்கறதுல நீங்களும் உண்டா?

– மொத ஆளு சவுரிமுத்து. அவனே கேட்டு வாங்கிகினான், மொத எடம் எனக்குத்தான்னு. ரெண்டாவது நானு.

– யேசுவே!

– எழுந்துடுவீங்கதானேப்பா? பஸ் நிக்கலைன்னா எழுந்துடுவீங்கதானே?

– கை கோத்துகினு கீறவன் எப்படிடா எழுந்துப்பான்? அதுவும் திருப்பம். பஸ்ஸு தெரியறதும் மேல வர்றதும் ஒண்ணாத்தான் இருக்கும்.

– நீங்க போக வேணாம். வயித்துவலின்னு படுத்துக்கங்க. நான் ரசம் வெச்சுத் தர்றேன்.

– நான் போவலைன்னா ரெண்டாவது எடத்துல நசீருதீன் பாயி படுப்பாரு.

– அவரு மேல மட்டும் பஸ் ஏறலாமாப்பா?

– நான் அப்படி சொன்னேனா? இரு, யோசிக்கறேன். சவுரிமுத்துக்கு சொல்லிடறேன். டீக்கடையில காதுல வுழுந்துதுன்னு சொல்றேன்.

– நம்புவாரா?

– …மாட்டான். தெனம் ஒரு புரளி வருது. போலீசு வண்டி வருதுன்னானுங்க, வரல. கம்பெனியை ஓசூருக்கு தூக்கறோம்னானுங்க, அதுவும் புளுகு. எங்கள பயமுறுத்தவே ஆளு வெச்சு கெளப்பறான். இப்ப எவன் வந்து இன்னா சொன்னாலும் சவுரி ஒரே கேள்விதான் கேப்பான். ‘எவன் பாத்தான்? ஆளைக் காட்டு.’

– அப்போ ஆளைக் காட்டுங்க.

– எந்த ஆளை?

– என்னை.

– பைத்தியமா உனக்கு? நீ எப்படி உள்ள போனேன்னு கேப்பான். இன்னிக்கே தெரு பூரா தெரிஞ்சிடும்.

– தெரியட்டும்.

– தெருவை வுடு. சவுரி போலீசுக்குப் போவான், பேப்பர்காரன்கிட்ட போவான். யாரு சாட்சின்னா உன் பேரு வரும். கம்பெனிக்காரன் உன் டைரியை கிழிச்சு மூஞ்சில எறிவான். அந்த ராகவன் சாரு உன்னை வாசல்லயே நிறுத்துவாரு. மூணு வருசம் படிச்சுகீறே கண்ணு. இன்னும் ஒரே வருசம். இந்தக் குடும்பத்துல பன்னெண்டாவது தாண்டுனது நீ ஒருத்திதான்.

– தெரியும்பா. திங்கக்கிழமையிலேருந்து எனக்கு அது ஒண்ணுதான் தெரிஞ்சுது. நீங்க வெளிய நின்னு பஸ்ஸை அடிச்சப்போ குனிஞ்சுக்கிட்டதும் அதுக்காகத்தான். நாளைக்கும் குனிஞ்சுக்கணுமா? சக்கரம் ஏறி இறங்கறப்போ ‘என்னமோ மேடு’ன்னு நினைச்சுக்கிட்டு உக்காந்திருக்கணுமா?

– வாயை மூடுடி! வெளக்கு வெச்ச நேரத்துல!

– அம்மா, அழாதே. அந்த போனைக் குடு.

– குடுக்காத சாராளு.

– நீங்க சும்மா இருங்க. படிப்பு போனா அடுத்த வருஷம் படிப்பா. நீங்க போனா அடுத்த வருஷம் எங்கேருந்து வருவீங்க? இந்தாடி. ரெண்டை அமுக்கிப் பிடி, சவுரிமுத்து நம்பர் வரும். நல்லா சத்தமா பேசு, அவருக்கு மிஷின்ல நின்னு நின்னு காது மந்தம்.

– ஜோவி, யோசிச்சுக்கோம்மா…

– ரிங் போகுதுப்பா.

– அலோ! சொல்லு அசரியா தோழா. சாப்ட்டியா? காலைல அஞ்சுக்கெல்லாம் பந்தலுக்கு வந்துடு.

– அங்கிள், அப்பா இல்ல. நான் ஜோவிதா. அவர் பொண்ணு.

– ஜோவிதாவா? இன்னாம்மா, அப்பனுக்கு எதுனா ஒடம்பு கிடம்பு…

– இல்ல அங்கிள். நான் சொல்றதை முழுசா கேளுங்க, அப்புறம் திட்டுங்க. நான் காலேஜ் ட்ரெயினிங்னு அந்த பஸ்ல உள்ள போய்ட்டு இருக்கேன். நாலாவது லைன்ல எங்கப்பா மிஷினை ஓட்டறது நான்தான். எங்கப்பாவுக்கு இப்ப கொஞ்சம் முன்னாடி வரைக்கும் தெரியாது. சத்தியமா தெரியாது.

– கேட்டுகினுதாம்மா கீறேன்.

– நாளைக்கு நீங்க படுக்கப்போறது கம்பெனிக்குத் தெரிஞ்சுபோச்சு. ‘நிறுத்தாதே, கேஸ் வந்தா கம்பெனி பாத்துக்கும்’னு செக்யூரிட்டி ஆபீசர் டிரைவர்கிட்ட சொன்னதை நான் காதால கேட்டேன். புது டிரைவர். ஜோடனை இல்ல, புரளி இல்ல. யாரு பார்த்தான்னு கேப்பீங்களாமே. நான்தான் பார்த்தேன். எங்க வேணா வந்து சொல்றேன். யாரும் படுக்காதீங்க அங்கிள்.

– எந்த பஸ்ஸு டிரைவருகிட்ட சொன்னான்? காலேஜு பஸ்ஸா, பாலிடெக்னிக் பஸ்ஸா?

– ரெண்டு பேர்கிட்டயும்தான்.

– மதகுகிட்ட மொதல்ல வர்றது எதும்மா?

– தினம் பாலிடெக்னிக் பஸ்தான் முன்னாடி போகும். எங்களுது பின்னாடி.

– …

– அங்கிள்? என்னப்பா இது, பேச்சையே காணோம்.

– கட்டாயிடுச்சா? குடு, நான் பேசறேன்.

– இல்லப்பா, லைன்ல இருக்காரு. மூச்சு கேக்குது. அங்கிள், நான் சொல்றதை நம்பறீங்களா?

– நம்பறேம்மா. அந்த மொத பஸ்ஸுலதான் என் பையன் ஜாய்சன் ட்ரெயினிங் போறான், எவனுக்கும் தெரியாது… புள்ள கீற வண்டி அப்பன் மேல ஏறாதுன்னு நம்பித்தான் மொத ஆளா என் பேரைக் குடுத்தேன்.